ஆவி பிடிப்பவர்

பத்மநாபபுரம் கோட்டைச் சுவர் இடுக்கில் சாண் உயரக் கன்று ஒன்று நின்றது. நான் தொட்டியில் வளர்க்கும் போன்சாய்க்கு இப்படிச் சுவரில் பட்டினி கிடந்து முறுகியதுதான் நல்லது. ஆவிமரக் கன்றுதானா என்று பார்க்க ஓர் இலையைக் கசக்கினேன். குப்பென்று நாறியது. அதேதான்.

அந்த நாற்றத்தில் எங்கள் பழைய அடுக்களை மெல்ல எழுந்து வந்தது. வெளியே மழை. அப்பாவின் முட்டுவலிக்காக அம்மா அந்த இலையை அவித்துப் பானையை இறக்கினாள்.

"ஏட்டி, கிட்ட வராத. அப்பா ஆவி பிடிக்கப் போறாவ."

ஆவிமரத்தில் பேய் இருக்கிறது என்று நம்பிய வயது எனக்கு. அப்பா பானையோடு சேர்த்துத் தலைவரைக் கம்பளியால் மூடிக்கொண்டார். கம்பளி அசைந்தது, முனகியது. நான் அழுதுகொண்டே உள்ளே புகுந்து, வியர்த்த அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"அது ஒங்களப் பிடிச்சிட்டுப் போயிரும்."

"அது என்னப் பிடிக்கல்ல மக்கா. நானாக்கும் அதப் பிடிக்கேன்."

இருட்டும் வெம்மையுமான அந்த நாற்றத்துக்குள் அவர் சிரிப்பது மட்டும் கேட்டது.

அப்பா போன பிறகு அந்த நாற்றம் வீட்டுக்கு வரவேயில்லை.

சுவரிலிருந்து கன்றைப் பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, உடன் வந்த கணவரிடம் கொடுத்தேன். கசங்கிய இலையை முகத்தருகே வைத்து, சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டேன்.

"என்ன செய்யுத?" என்றார்.

"ஆவி பிடிக்கேன்."