இடுப்பைப் பிடிக்காத படங்கு

தொழில் தொடங்கிய முதல் நாள் எங்கள் தோட்டத்து டிவிஷனின் பழைய பிள்ளைக் காம்பராவில் இருந்தவர்கள்:

நான், பாக்கியம். தேயிலை ஃபெக்டரியில் சல்லடைப் பக்கம் வேலை செய்து ஓய்வு பெற்றவள்.

செல்வி. என் அண்ணன் மகள். கொழும்பில் கார்மெண்ட்ஸில் மெசின் ஓட்டியவள்.

புஷ்பம். தாய்மார் மலைக்குப் போனதும் அந்தக் காம்பராவில் பிள்ளை பார்த்தவள். தையலும் தெரியும்.

தர்ஷி. செல்வியின் மகள், மூன்று வயது. துணிக் குவியல் மேல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சார். யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் எங்களுக்குத் தொழில் வகுப்பு எடுத்தவர்.

புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு எங்கள் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி சார் கேட்டார். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. நடந்ததை எழுதுகிறேன்.

என்ன தைப்பது

கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டுவார்கள். காலையில் செடியெல்லாம் ஈரமாக இருக்கும். படங்கு இல்லாவிட்டால் பாவாடை நனையும், குச்சி கிழிக்கும். உரச்சாக்கு அல்லது கிழிந்த பிளாஸ்டிக் சீட், மேலே ஒரு கயிறு. காலங்காலமாக அதுதான் படங்கு.

"இன்னும் எத்தனை நாளைக்கு அத்தை சாக்கைக் கட்டிக்கிட்டுப் போவாங்க? நம்ம நல்லதா ஒண்ணு தைப்போம்" என்றாள் செல்வி.

அவளே மாதிரி தைத்தாள். நீல நிற ரெயின்கோட் துணி. பக்கத்தில் பாக்கெட். இடுப்புக்கு எலாஸ்டிக். முன்னால் ஸ்கூல் பேக்கில் வருவது போல ஒரு பக்கிள். போட்டால் டக்கென்று பூட்டும்.

எங்கள் மூன்று பேருக்கும் அது மிகவும் பிடித்தது. மூன்று பேரில் ஒருவர்கூட மலையில் ஏறிக் கொழுந்து எடுத்தவர் இல்லை. அது அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

செல்விக்குப் புருசன் இல்லை. வீட்டுவேலைக்கு வெளிநாடு போக மெடிக்கல் முடித்திருந்தாள். பாஸ்போர்ட் ஹட்டன் ஏஜென்ட்டிடம் இருந்தது. தொழில் ஓடினால் அவள் போக மாட்டாள். ஓடாவிட்டால் தர்ஷியை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். இரண்டு வருடம். எனக்குத் தொழில் என்பது அது மட்டும்தான்.

எல்லோரும் சொன்னது

தைத்ததெல்லாம் சம்பளக் கிழமையிலேயே போய்விட்டது. வாங்கியவர்கள் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள். என் நாத்தனார், புஷ்பத்தின் சின்னம்மா, செல்வியோடு படித்தவளின் அம்மா. எல்லாம் சொந்தம், இல்லாவிட்டால் சொந்தம் மாதிரி.

சார் போனில் ஒன்று சொன்னார்.

"வித்துப்போட்டுச் சும்மா இருக்கக் கூடாது. வாங்கின ஆக்களிட்டப் போய் என்ன குறை எண்டு கேளுங்கோ."

போய்க் கேட்டோம். மாலையில், அவர்கள் குளித்துத் தேத்தண்ணி குடிக்கும் நேரம்.

"நல்லா இருக்கு மதினி."

"ஒரு குறையும் இல்லத்தா. சோக்கா இருக்கு."

"செல்வி கை ராசியான கையாச்சே."

எங்களுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி கொடுத்தார்கள். சந்தோசமாகத் திரும்பி வந்து அடுத்த துணியை வெட்டினோம். அதைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. மற்ற லயத்து ஆட்களும் வரவில்லை.

ஆட்டுக் கொட்டில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் செல்வியும் என் நாத்தனார் வசந்தா வீட்டுக்குப் போனோம். நல்ல மழை. வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக் கொட்டில். அதன் மேல் நீலமாக ஏதோ தெரிந்தது. எங்கள் படங்கு. கம்பைச் சுற்றிப் பக்கிள் பூட்டியிருந்தது.

செல்வி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆடு நனையல அத்தை" என்றாள்.

வசந்தா வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டாள்.

"அது ஒண்ணுமில்ல மதினி. காயப் போட்டேன்."

மழை பெய்துகொண்டிருந்தது. நான் "சரி" என்றேன்.

திரும்பும் வழியில் நன்றாகப் பார்த்தோம். ஒன்று விறகின் மேல் கிடந்தது. ஒன்று தகரக் கூரை ஓட்டையில், மேலே கல் வைத்து. ஒன்றை விரித்து மிளகாய் காயவைத்த அடையாளம் இருந்தது. செல்வி முதலில் சிரித்தாள். வீடு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று அவள் பையை ஒதுக்கும்போது இரண்டு கவுன் விழுந்தது. பூப்போட்ட துணி. எடுத்துப் பார்த்தேன்.

"என்ன அளவுடி இது? தர்ஷி உள்ளுக்குத் தொலைஞ்சு போவா."

"அது நாலு வயசுக்கு. மற்றது அஞ்சு வயசுக்கு. ரெண்டு வருசந்தானே அத்தை."

நான் மடித்து அவள் கையில் கொடுத்தேன்.

ராக்கம்மா

மறுநாள் புஷ்பத்திடம் சொன்னோம்.

"நம்ம ஆளுங்க மூஞ்சிக்கு நேரா குறை சொல்ல மாட்டாங்கக்கா" என்றாள் புஷ்பம். "மனசு நோகும்னு பயம். நம்மளப் பிடிக்காத ஆளு யாராச்சும் சொன்னாத்தான் உண்டு."

"அப்படி யாரு இருக்கா?"

புஷ்பம் செல்வியைப் பார்த்தாள். செல்வி என்னைப் பார்த்தாள்.

எங்கள் லயத்து ராக்கம்மாவும் நானும் பேசி வருடக்கணக்கு ஆகிறது. பீலியில் தண்ணீர் பிடிக்கும் வரிசையில் அவள் குடத்தை நான் நகர்த்திவிட்டேன் என்று ஆரம்பித்தது. அவள் ஒன்று சொன்னாள், நான் இரண்டு சொன்னேன். லயத்தில் படங்கு வாங்காத ஒரே வீடு அவள் வீடு. மலையில் அதிக எடை எடுப்பவளும் அவள்தான்.

செல்வியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ராக்கம்மா வேலை முடிந்து வந்து வாசலில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கோழியைப் பார்த்துப் பேசினாள்.

"இந்தா, வீடு மாறி வந்திருக்காங்க பாரு."

நானும் செல்வியைப் பார்த்துப் பேசினேன்.

"செல்வி, இத ஒரு கிழமை கட்டிப் பாக்கச் சொல்லு. காசு வேணாம்."

"ஓசிப் படங்காம்" என்றாள் ராக்கம்மா கோழியிடம். "நீ கட்டிக்கிறியா?"

செல்வி சிரித்துவிட்டாள். ராக்கம்மாவுக்கும் உதடு அசைந்தது. கையை நீட்டிப் படங்கை வாங்கினாள். பக்கிளைப் பூட்டினாள். குனிந்தாள், நிமிர்ந்தாள். எலாஸ்டிக் இழுபட்டுச் சுருங்கியது.

"இது மழைக்குச் சரி. இடுப்புக்கு என்ன வச்சிருக்காங்க?"

"இடுப்புக்கா?" என்று நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

அவளும் மறந்து என்னிடமே பேசினாள்.

"பின்ன? படங்க மழைக்குன்னா கட்டுறோம்?"

உள்ளே போய்த் தன் சாக்கையும் கயிற்றையும் எடுத்து வந்தாள். சாக்கைச் சுற்றினாள். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினாள்.

"கொழுந்து நெறஞ்சு பாரத்தோட சரிவுல எறங்கிப் பாரு. இடுப்பு கழண்டு போற மாதிரி இருக்கும். இப்படி இறுக்கிக் கட்டுனாத்தான் நிக்கும். புள்ள பெத்தவளுக்கு வயித்துல துணி கட்டி விடுறோமில்ல, அது மாதிரி. உங்க ரப்பர் என்னத்தப் பிடிக்கும்? அப்புறம் இந்தப் பூட்டு. செடி மேல சாஞ்சு எட்டி எடுக்கிறப்ப அடிவயித்துல குத்தும்."

"ஒருத்தரும் சொல்லலியே."

"உன் சொந்தக்காரங்க எப்படிச் சொல்லுவாங்க? என் குடத்த நகத்துனவகிட்ட எனக்கு என்ன பயம்?"

கயிற்றை அவிழ்த்தாள். ஜாக்கெட்டுக்குக் கீழே இடுப்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. கயிறு அறுத்து அறுத்துத் தோல் தடித்துப்போன கோடு.

என் அம்மாவுக்கும் அந்தக் கோடு இருந்தது. கடைசியாகக் குளிப்பாட்டியபோது பார்த்தேன். பிறவியிலேயே இருப்பது என்று நினைத்திருந்தேன்.

செல்வி விரலால் அந்தக் கோட்டின் அகலத்தை அளந்தாள். ராக்கம்மா தட்டிவிடவில்லை.

பட்டி

பக்கிளைக் கழற்றினோம். எலாஸ்டிக்கை எடுத்தோம். கயிறும் வேண்டாம் என்றாள் செல்வி. நாலு விரல் அகலத்தில் பருத்தித் துணியை மடித்துத் தைத்துப் பட்டி செய்தாள். இடுப்பை இரண்டு சுற்று வரும். பக்கவாட்டில் முடிச்சு. கயிறு போல இறுக்கும், தோலை அறுக்காது.

முதல் பட்டி நனைந்ததும் தொய்ந்துவிட்டது. ராக்கம்மா கொண்டுவந்து மெசின் மேல் போட்டாள்.

"மத்தியானத்துக்குள்ள மூணு தடவை கட்டுனேன். எனக்குக் கொழுந்து எடுக்கிற வேலையா, படங்கு கட்டுற வேலையா?"

செல்வி துணியை மாற்றிக் குறுக்குத் தையல் போட்டாள். அடுத்தது நின்றது. ஆனால் பாக்கெட்டில் தண்ணீர் தேங்குகிறது என்றாள் ராக்கம்மா. பாக்கெட்டை எடுத்தோம். நீளம் முழங்காலில் தட்டுகிறது என்றாள். குறைத்தோம். ஒவ்வொரு தடவையும் திட்டுவாள். திட்டிவிட்டுப் போகாமல் உட்கார்ந்திருப்பாள். தர்ஷி அவள் மடியில் ஏறித் தூங்கப் பழகிவிட்டாள்.

"இந்தக் கழுதைக்கு என் மடிதான் கெடச்சுதா" என்பாள். பிள்ளை எழும்பும் வரை காலை அசைக்க மாட்டாள்.

ஒரு நாள் கடைசியாகத் தைத்ததைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். மாலையில் வந்து திட்டவில்லை. தேத்தண்ணி குடித்தாள். எழுந்து போகும்போது படங்கைத் திருப்பித் தரவில்லை. செல்வி மறுபடியும் வெட்ட ஆரம்பித்தாள்.

பழைய நீலப் படங்குகளைக் கொண்டுவந்தால் பட்டி வைத்துச் சும்மா மாற்றித் தருவோம் என்று சொல்லி அனுப்பினோம். வசந்தா ஆட்டுக் கொட்டில் படங்கைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தாள்.

"மலைக்குத்தான் மதினி கட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

கண்டாக்கு கேட்டது

எங்கள் டிவிஷன் மட்டும் வாங்கினால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். மற்ற டிவிஷன்களுக்கும் போக வேண்டும். மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் போனேன்.

அவர் நல்ல மனிதர். நேராகச் சொன்னார்.

"போன தடவையும் எல்லாரும் வாங்குனாங்க பாக்கியம். மலையில ஒண்ணக்கூட நான் பாக்கல. இருபது பேரு கட்டிக்கிட்டு வரட்டும். மத்த டிவிசனுக்கும் உங்ககிட்டயே எடுக்கச் சொல்லி ஆபீசுல நான் பேசுறேன்."

அந்தக் கிழமைதான் ஏஜென்ட் செல்விக்குப் போன் எடுத்தான். வெள்ளிக்கிழமைக்குள் வருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

"என்ன சொன்ன?"

"வெள்ளிக்கிழமை சொல்றேன்னேன்."

தைத்தோம்.

வியாழக்கிழமை

காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து மலைக்கு ஏறும் பாதையில், வளைவில் போய் நின்றோம். நான், செல்வி, புஷ்பம். தர்ஷி செல்வியின் இடுப்பில். இரவு பெய்த மழையில் பாதை சேறாகக் கிடந்தது. பனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை.

முதலில் வந்தவள் ராக்கம்மா.

"என்ன, பொண்ணு பாக்க வந்த மாதிரி நிக்கிறீங்க?"

"எண்ணுறோம்" என்றேன்.

"எண்ணு, எண்ணு. ஃபெக்டரியில கொழுந்து எண்ணுனவதானே."

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். பனியிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் எங்களைப் பார்த்துப் பட்டியைத் தட்டிக் காட்டினார்கள். சிலர் பழைய சாக்கோடு தலையைக் குனிந்து போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏன் கட்டவில்லை என்பதை அடுத்த கிழமை மலையிலேயே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். செல்வி பாதையைப் பார்க்கவே இல்லை. மகளின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகளே, எனக்குத் தெரிந்த பாடம் இதுதான். உங்களிடம் பிரியம் உள்ளவர்களிடம் பொருள் நல்லா இருக்கா என்று கேட்காதீர்கள். பிரியத்தில் ஆம் என்பார்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குப் போய் நில்லுங்கள். அவர்கள் உடம்பில் அது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடைசி ஆள் வளைவைத் தாண்டியதும் செல்வி தலையை நிமிர்த்தினாள்.

"எத்தனை பட்டி அத்தை?"

முப்பத்தொன்று.