தொட்டிக்குள் நாற்று நட்டவன்

“நீங்க நடுவுல நின்னா அருவி எங்கன தெரியும்? தள்ளி நில்லுங்க.”

ஒன்றரை மாதத்துக்கு முன்னால், ஐந்தருவியில், சீசன் கூட்டத்துக்கு மத்தியில் என் மனைவி வடிவு என்னைப் பார்த்துச் சொன்னது இது. அவளுடைய ஒரு கையில் பாலிதீன் கவருக்குள் போட்ட செல்போன், இன்னொரு கையில் ரம்புட்டான் பழப் பை. நான் இடது பக்கமாக நாலடி நகர்ந்தேன். படம் எடுத்தாள், காட்டினாள்.

நம்ப மாட்டீர்கள்... என் ஆயுசில் நான் உருப்படியாக விழுந்த ஒரே போட்டோ அதுதான். ஓரத்தில் நான். மிச்ச இடமெல்லாம் தண்ணீர். ஆனால் பார்க்கிறவன் கண் முதலில் என் மேல் விழுந்து, அப்புறம்தான் அருவிக்குப் போகிறது!

அந்த நிமிஷத்தில்தான் என் வீட்டு மீன்தொட்டிக்கு என்ன வியாதி என்று எனக்குப் புரிந்தது.

மீன்தொட்டி எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? சித்திரையில் வந்தது. மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. பிளாஸ்டிக் செடியும் பொம்மைக் கோட்டையும் வைக்கிற தொட்டி அல்ல, நிஜச் செடி வளர்க்கிற தொட்டி. யூடியூபில் யாரோ வளர்த்திருந்ததைப் பார்த்து வந்த ஆசை. ஐம்பத்தெட்டு வயதில் ஆசை வந்தால் அது சீக்கிரம் போகாது.

எங்கள் தென்காசி வீட்டு ஹாலில் வடக்கு ஜன்னல் பக்கம் ஒரு மூலை உண்டு. வெயில் நேராக விழாது, வெளிச்சம் மட்டும் வரும். தொட்டிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. துரதிர்ஷ்டவசமாக, தையல் மெஷினுக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது. இருபது வருஷமாக வடிவு பிளவுஸ் தைக்கிற மூலை அது.

கெஞ்சிக் கேட்டதில் விட்டுக்கொடுத்தாள். கெடுவோடுதான். ஆடிப்பெருக்கு வரைக்கும் தொட்டி இருக்கலாம். அதற்குள் அது பார்க்கிற மாதிரி ஆகவில்லை என்றால், ஆவணி முகூர்த்தத்துக்கு பிளவுஸ் துணிகள் வந்து குவிவதற்கு முன் மெஷின் ஜன்னலுக்குத் திரும்பும், தொட்டி மொட்டை மாடிக்குப் போகும். அதுவரை அடுப்படிப் பக்கத்து இருட்டில் டியூப்லைட் போட்டுக்கொண்டு தைத்தாள். கண் வலிக்கிறது என்று ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

செடி வளர்ப்பது என்ன பெரிய வித்தை? எங்களுக்கு ராயகிரிப் பக்கம் மூன்று தலைமுறையாக வயல். ரத்தத்திலேயே விவசாயம் இருக்கிறது... அப்படித்தான் நினைத்தேன். அங்கேதான் வினை.

முதல் காரியமாக, ராயகிரியில் பயிர் வைத்திருக்கும் சித்தப்பா மகனிடம் சொல்லி ஒரு சாக்கு ஆட்டு எரு வரவழைத்தேன். ஆட்டுக்கிடை போட்ட மண்ணில் எது நட்டாலும் விளையும் என்பது எங்கள் குடும்ப வேதம். எருவைத் தூளாக்கி அடியில் பரப்பி, மேலே மணல் போட்டு, தண்ணீர் விட்டேன்.

நாலாம் நாள் தொட்டி பச்சைப் பாயசமாக இருந்தது. வாசம் தெருமுனை வரை போனது. வடிவு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தென்காசியில் வண்ணமீன் கடை வைத்திருப்பவர் மாரிச்செல்வி. முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். செல்போனில் படத்தைக் காட்டினேன். எரு விஷயத்தைச் சொன்னதும் கல்லாப்பெட்டி மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். நல்லவேளை, மீன் விடவில்லை. விட்டிருந்தால் கொலைப்பழியும் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் கொட்டிக் கழுவச் சொன்னார். மண்ணை மாற்றச் சொன்னார். தினம் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்ட விளக்கை ஏழு மணி நேரமாகக் குறைக்கச் சொன்னார். செய்தேன். தண்ணீர் தெளிந்தது.

ஆனால் அடுத்த வாரமே அனுபியாஸ் செடிகள் அழுக ஆரம்பித்தன. தடித்த இலையும் இஞ்சி மாதிரிக் கிழங்கும் உள்ள செடி அது. கிழங்கு என்றால் என்ன செய்வோம்? புதைப்போம். நானும் நன்றாக ஆழமாய்ப் புதைத்திருந்தேன். மறுபடி கடைக்கு ஓடினேன்.

“அண்ணாச்சி, இது மஞ்சளுமில்ல இஞ்சியுமில்ல. புதைச்சா செத்துரும். ஒரு மரக்கட்டையில நூலைச் சுத்திக் கட்டி விடுங்க, அதுவே வேர் பிடிச்சுக்கிடும்” என்றார் மாரிச்செல்வி. பொறுமையான மனுஷி.

நூலுக்கு எங்கே போவது? வடிவின் தையல் பெட்டியைத் திறந்து கறுப்பு நூல்கண்டைத் திருடினேன். கட்டினேன். அவிழ்ந்தது. மறுபடி கட்டினேன். இலை முறிந்தது. எத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நின்றாளோ தெரியவில்லை, பின்னாலிருந்து வந்து கட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, பல்லால் நூலை அறுத்தாள். வெளியே முடிச்சே தெரியவில்லை. ஆறு செடியையும் பத்து நிமிஷத்தில் கட்டி முடித்தாள். கட்டையின் நுனியில், கடையில் வாங்கிய ஜாவா பாசி என்கிற படர்பாசியையும் அவளே வைத்துச் சுற்றினாள். மடிப்பு தைக்கிற கை அல்லவா!

செடிகள் பிழைத்தன. ஆனால் தொட்டி...? அதைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை.

ராயகிரி வயல் வரப்பிலிருந்து ஒரு கல்லை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். அதைச் சரியாக நட்டநடுவில், மூலவரைப் போல நிறுத்தியிருந்தேன். இரண்டு பக்கமும் செடிகள், வரிசை பிடித்து, நாலு விரல் இடைவெளியில். ஆமாம்... நாற்று நட்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற எஸ்.ஐ. வந்தார், பார்த்தார், அணிவகுப்பு பிரமாதமாக இருக்கிறது என்று விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார். வடிவு சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு உள்ளுக்குள் நன்றாக வலித்தது.

இந்த நிலைமையில்தான் ஐந்தருவி. நடுவில் நிற்காதே என்ற அந்த உபதேசம்.

வீட்டுக்கு வந்து ஈரத் துண்டைக்கூடக் காயப்போடாமல் தொட்டிக்குள் கையை விட்டேன். முதலில் கல்லைப் பெயர்த்தேன். தொட்டியின் நீளத்தை மூன்றாகப் பங்கிட்டால் இடது பங்கு முடிகிற இடம் இருக்கிறதே, அங்கே கொஞ்சம் சாய்த்து வைத்தேன். பக்கத்தில் இரண்டு சின்னக் கற்கள், அதே பக்கம் சாய்ந்தபடி. மணலை முன்னால் இரண்டு விரல் உயரத்துக்கும் பின்னால் ஆறு விரல் உயரத்துக்கும் ஏற்றினேன். அந்தச் சரிவு ஒன்றுக்கே, மூன்றடித் தொட்டிக்குள் எங்கேயோ தூரத்துக்குப் போகிற மாதிரி ஓர் ஆழம் வந்துவிட்டது. வரிசையைக் கலைத்தேன். நாடா மாதிரி நீளமாக வளரும் செடிகளை எல்லாம் ஒரே கொத்தாகக் கல்லுக்குப் பின்னால் வைத்தேன். வடிவு கட்டிய கட்டையைக் கல்லின் காலடியில் கிடத்தினேன். குட்டைச் செடிகள் முன்னுக்கு வந்தன.

இதெல்லாம் சுலபம். கஷ்டமானது எது தெரியுமா? வலது பக்கம் முன்னால் ஒரு முழ இடத்தை வெறும் மணலாக விட்டேனே, அதுதான்!

இடம் சும்மா கிடந்தால் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்காது. வரப்பில்கூட ரெண்டு துவரை ஊன்றுகிற பரம்பரை. தினமும் காலையில் அந்த வெறும் மணலைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். இரண்டு தடவை செடியை எடுத்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பினேன். யோசித்துப் பாருங்கள்... நம் வீட்டு ஷோகேஸ், கல்யாணப் பத்திரிகை, மேடைப் பேச்சு — எதிலாவது ஓர் இடத்தைச் சும்மா விடுகிறோமா? நிரப்புவதுதான் நிறைவு என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஐந்து வாரம் காத்திருந்தேன். நாடாச் செடிகள் தண்ணீர் மட்டம்வரை ஏறி வளைந்தன. பாசி கட்டையை மூடியது. ஆடிப்பெருக்குக்கு முதல் நாள், மாரிச்செல்வி தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு நீலமும் சிவப்புமாக மின்னுகிற பன்னிரண்டு குட்டி மீன்களைக் கொடுத்தார்.

கொண்டுவந்து விட்டேன். கொஞ்ச நேரம் செடிக்குள் ஒளிந்திருந்தன. அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்து எங்கே கூடின என்கிறீர்கள்? நான் சும்மா விட்ட அந்த வெறும் மணல் மேல்! பன்னிரண்டும் அங்கே ஒன்றாகத் திரும்பின, ஒன்றாக நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் என்ன வெட்கம்?

எஸ்.ஐ. வந்தார். சல்யூட் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். காபி ஆறிய பிறகும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஆடிப்பெருக்கு. எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் கிண்டி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்து வடிவு சொன்னாள்: “மெஷினைத் தூக்கிட்டு வாங்க.”

கெடு என்றால் கெடுதானே. தொட்டியை மாடிக்கு எப்போது ஏற்றுவது என்று கேட்டேன்.

“அதை யாரு தொடச் சொன்னா? அது அங்கனயே இருக்கட்டும். கொஞ்சம் இடிச்சாலும் பரவாயில்ல, மெஷினை அதுக்குப் பக்கத்துல போடுங்க. தைக்கும்போது நிமிந்து பாத்தா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குதுல்லா.”

ஜெயித்துவிட்டேன் ஐயா, ஜெயித்துவிட்டேன்! அவளுடைய ஜன்னல் வெளிச்சம் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது, என் தொட்டிக்கும் இடம் போகவில்லை. மெஷினை ஒற்றை ஆளாகத் தூக்கி வந்தேன். முதுகு இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, பரவாயில்லை.

அப்புறம் தொட்டியோடு என்னை ஒரு படம் எடுக்க செல்போனை நீட்டினாள். இந்த முறை அவள் சொல்வதற்கு முன்பே நான் ஓரத்துக்குப் போய்விட்டேன். சுவரோடு சுவராக.

“அம்புட்டுத் தூரம் போகாண்டாம். கொஞ்சம் உள்ள வாங்க” என்றாள்.

நடுவிலும் இல்லாமல் விளிம்பிலும் இல்லாமல், மூன்றில் ஒரு பங்கில்... கல்லுக்கு மட்டுமல்ல, கணவனுக்கும் அதுதான் இடம் போலிருக்கிறது!