மஞ்சக்குட்டை டீச்சரும் என் வயிற்றெரிச்சலும்

போன வெள்ளிக்கிழமை ஒரு கேவலமான காரியம் செய்தேன். என் வீட்டிலேயே, என் மகள் மதியின் அறைக்கதவில் காதை வைத்து ஒட்டுக்கேட்டேன்.

உள்ளே அவளும் அவளுடைய டியூஷன் டீச்சரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கணக்கில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? நான் படித்த காலத்தில் அழுவதற்குத்தான் இருந்தது.

அந்த டீச்சரை நான் எப்படிப் பிடித்தேன் என்று சொன்னால்தான் என் எரிச்சல் உங்களுக்குப் புரியும்.

மதி பத்தாம் வகுப்பு. கணக்குப் பரீட்சை என்றால் முதல் நாளே காய்ச்சல் வந்துவிடும். ஏற்காட்டில் நல்ல கணக்கு டீச்சர் கிடைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. கொஞ்சம் பெயர் வாங்கியதுமே சேலத்துக்கு இறங்கிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு புவனாவின் மகளும் மதியின் வகுப்புதான். மாதத் தேர்வுகளில் இரண்டும் ஒரே லட்சணம். அந்த ஒற்றுமையில் எங்களுக்குள் நல்ல சிநேகம்கூட இருந்தது. காலாண்டில் அந்தப் பெண் மார்க்கில் எங்கேயோ போய்விட்டாள். புவனா மார்க்கை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள்... கைகூப்பும் பொம்மையோடு!

"டியூஷன் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஐயோ, இல்லைங்க. அதுவா உக்காந்து படிக்குதுங்க."

ஆனால், வாரத்தில் சில நாள் மஞ்சக்குட்டையிலிருந்து வரும் ஷேர் ஜீப்பில் ஒரு பெண் இறங்கி நேராக புவனா வீட்டுக்குள் போவதை நான் பார்த்திருந்தேன். யார் என்று கேட்டதற்கு, "எங்க சித்தி பொண்ணுங்க. சும்மா வந்துட்டுப் போகும்" என்றாள். சித்தி பெண்ணின் பையிலிருந்து கிராஃப் நோட்டு எட்டிப் பார்த்தது. எந்த ஊர்ச் சித்தி பெண் கிராஃப் நோட்டோடு விருந்துக்கு வருவாள்?

எங்கள் மலையில் இப்படித்தான். நல்ல டாக்டர் யார் என்று கேட்டால் சொல்வார்கள். நல்ல விலை தரும் மிளகு வியாபாரி யார் என்றால்கூட யோசித்துவிட்டுச் சொல்வார்கள். நல்ல டீச்சர் பெயரை மட்டும் சொல்லவே மாட்டார்கள். இருப்பது ஒரே டீச்சர், அவருக்கு இருப்பது ஒரே சாயங்காலம் - எப்படிச் சொல்வார்கள்?

நானே போய் ஜீப் நிற்கும் இடத்தில் காத்திருந்து பிடித்தேன். பெயர் சாந்தா. கணக்கில் பட்டம், பி.எட்., அரசு வேலைக்காகக் காத்திருப்பவர்.

"நேரம் இல்லீங்க. கடைசி ஜீப்பப் புடிக்கோணும். பனி எறங்கிருச்சுன்னா அதுவும் போகாதுங்க" என்றார்.

நான் தூண்டிலைப் போட்டேன். "பனி எறங்கினா எங்க ஊட்டுலயே தங்கிக்குங்க டீச்சர். காலைல முதல் ஜீப்புக்குப் போலாம்."

பனியில் மாட்டிக்கொண்டவர்களை வீட்டில் தங்கவைப்பது இங்கே எல்லோரும் செய்வதுதான். ஆனால் அதையே சம்பளத்தோடு சேர்த்து சலுகையாக முன்கூட்டியே அறிவித்தது இந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். டீச்சர் ஒப்புக்கொண்டார். முதல் நாள் அவரை அழைத்துக்கொண்டு வேண்டுமென்றே புவனா வீட்டு கேட்டை ஒட்டி நடந்தேன். "ஏனுங்க புவனா, உங்க சித்தி பொண்ணு இனி எங்க ஊட்டுக்கும் வருதுங்க!" புவனாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே... அன்றைக்கு எனக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை. ஐப்பசிப் பனி இறங்கியது. இறங்கியது என்றால், எழுந்து போக மனசே இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. டீச்சர் அடிக்கடி தங்கினார். அவரை நான் மதியின் அறையில் படுக்க வைத்தேன். ஜன்னல் ஒழுங்காகச் சாத்துகிற அறை அது ஒன்றுதான்.

என்னிடம் மதி பேசுவது "ம்", "சரி", "தெரியல". அவ்வளவுதான். வயசு அப்படி என்று மனசைத் தேற்றி வைத்திருந்தேன். வயசெல்லாம் காரணமே இல்லை என்று டீச்சர் வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த அறைக்குள் பேச்சு ஓயவே இல்லை. வெளியே வந்தாலும் "டீச்சர் சொன்னாங்க" புராணம்தான். டீச்சர் இப்படித்தான் தலை பின்னுவாங்களாம். டீச்சர் ஊட்டு ரசத்தில் பூண்டு தட்டிப் போடுவாங்களாம். நான் மட்டும் என்ன, பூண்டை வேடிக்கை பார்க்கவா வைத்திருக்கிறேன்?

மார்க் ஏறியது. என் முகம் இறங்கியது.

ஒரு நாள் காலை, ஜீப்புக்குக் கிளம்பும்போது டீச்சர் சொன்னார். "ஏனுங்க, ப்ளஸ் ஒன்னுக்கு மதியை சேலத்துல ஹாஸ்டல்ல சேர்க்கப் போறீங்களாமா? அதுக்கு நொம்ப பயமா இருக்குதாமுங்க. உங்ககிட்டச் சொல்லியிருக்குமே?"

"சொன்னாளே" என்றேன். சொல்லவில்லை. அடுத்த அறையில் இருக்கும் என் மகளின் மனசு எனக்கு மஞ்சக்குட்டை சுற்றி வந்து சேர்கிறது!

எரிந்தது. புவனா மேல் பட்ட எரிச்சலெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பெற்றவள் நான். வாரத்தில் சில நாள் வருகிறவளிடம் போய்...

அதனால்தான் அந்த ஒட்டுக்கேட்பு. இனி தங்க வேண்டாம், வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால் போதும் என்று நறுக்கென்று சொல்லிவிட முடிவு செய்தேன். வசனமெல்லாம் தயார். அடுத்த முறை டீச்சர் வந்தபோது கூடவே ஏழாவது படிக்கும் தன் மகள் நிலாவையும் கூட்டி வந்திருந்தார்.

"ஒரு ஒதவிங்க. நான் சொல்லிக் குடுத்தா இவ உக்காரவே மாட்டேங்கறா. நீங்க பத்திரிகைலயெல்லாம் எழுதறீங்க... தமிழ் மட்டும் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

தயார் செய்த வசனத்தை மடித்து வைத்தேன்.

நிலாவை அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஒரு பக்கம் தோசை, ஒரு பக்கம் வினைத்தொகை. கொஞ்ச நேரத்தில் என் காதருகே வந்து கிசுகிசுத்தாள். "ஆன்ட்டி, அம்மாகிட்டச் சொல்லாதீங்க. எனக்குக் கணக்குன்னாலே புடிக்காது."

கணக்கு டீச்சர் மகளுக்கு! நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அவளும் சிரிக்க, நானும் சிரிக்க, தோசை ஒன்று தீய்ந்தே போனது.

டீச்சர் எட்டிப் பார்த்தார். "அப்படி என்னங்க சொல்றா? எங்கிட்ட வாயே தொறக்க மாட்டாளே."

"ஒண்ணுமில்லீங்க டீச்சர். இலக்கணம்."

அவர் நம்பவில்லை. நிலாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு ஜீப்புக்குப் போய்விட்டார். அவரை நிறுத்தி வைக்க அன்றைக்குப் பனிகூட இல்லை.

திரும்பினால் அடுப்படி வாசலில் மதி.

"அவகிட்ட மட்டும் இப்படிச் சிரிக்கற. எங்கிட்ட 'படிச்சியா, படிச்சியா'ன்னு மட்டும்தானே கேப்ப? ஹாஸ்டலுக்குப் போறியான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

சுருக்கென்றது. "வா கண்ணு, உக்காரு. இப்பக் கேக்கறேன், சொல்லு" என்று தட்டை நகர்த்தி வைத்தேன்.

உட்காரவில்லை. உதட்டைச் சுழித்து, மூக்கு விடைக்க, நிலா உட்கார்ந்திருந்த மணையையே முறைத்துக்கொண்டு நின்றாள். அப்பட்டமான பொறாமை. அதுவும் எனக்காக!

இந்த வருடம் நான் வாங்கிய ஒரே நூற்றுக்கு நூறு அதுதான்.