மரியான் கீறிய சிலுவை

பழைய சைக்கிள் பிரேமைப் பார்த்து அதன் ஊர் பேர் சொல்கிறவன், சொன்னது சரியாக இருந்தால் வித்தைக்காரன், தப்பினால் கள்ளனுக்குக் கூட்டு. சைக்கிள் வைத்துச் சீரழிந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாகர்கோவிலில் சந்தைக்குப் பக்கத்தில் என் கடை இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதை ஒட்டிய காலம். முன்பு வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த கைவேலைச் சைக்கிள்கள் கை மாறி, பெயின்ட் மாறி, கடைசியில் என்னிடம் வந்து சேரும். அது யார் கை செய்தது, எங்கே முறிந்தது, தேறுமா தேறாதா என்று சொல்வது என் வேலை. சொல்வதில் நான் கொஞ்சமும் தயங்கியதில்லை.

புளி போட்டு விளக்கிய தகடு

அஞ்சுகிராமத்துப் பருத்தி வியாபாரி ஒருவர் சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஓட்டினால் தேய்ந்துவிடுமாம். முன் கழுத்தில் பித்தளைத் தகடு, அதில் இங்கிலீஷ் எழுத்து, கண் கூசுகிற பளபளப்பு. "சீமையில ஒரே ஆளு இருந்து கையால செஞ்சது. சும்மா பாத்துச் சொல்லும், கேப்போம்" என்றார்.

நான் தகட்டைப் பார்க்கவே இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, குழாய்கள் சேரும் ஒட்டில் விரலை ஓட்டினேன். கையால் அராவியதென்றால் அந்த விளிம்பு மெலிந்து மெலிந்து குழாயோடு கலந்துவிடும். இது தோசைக்கல் விளிம்பு மாதிரி தடித்து நின்றது. தகட்டைக் கழற்றினால், அடியில் வேறு தகடு இருந்ததற்கான பழைய துளைகள் இரண்டு. "தகடு எவன் வேணும்னாலும் அடிப்பான் அண்ணாச்சி. தகட்டை நம்பாதேயும், ஒட்டைப் பாரும்" என்றேன். அவர் தகட்டைக் கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெனமும் புளி போட்டு வெளக்குகேனே வே, இனி நான் எதைப் போட்டு வெளக்க?"

குளச்சல் கூடை

என் கூட்டாளி மரியான் குளச்சல்காரர், கடற்கரைக் குடும்பம். படகுக்கு நங்கூரமும் கொக்கியும் அடித்துப் பழகிய கை. முறிந்த குழாயை வெங்காரமும் பித்தளையும் உருக்கி ஒட்டுவது, அராவுவது, மேலே கறுப்புப் பெயின்ட் அடிப்பது, எல்லாம் அவர் பாடு. அவர் உலை இருக்கும் பக்கம் நான் போக மாட்டேன். பிரேமைப் பார்ப்பதும், பேசுவதும், கடைசியில் சக்கரமும் மற்றதும் பூட்டிக் கொடுப்பதும் என் பாடு. பேச்சு முழுக்க என்னுடையதாக இருந்ததில் மரியானுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அவர் ஊரிலிருந்து மீன் வியாபாரி மீரான் சாகிபு ஒரு துருப்பிடித்த உருப்படியைக் கொண்டுவந்தார். பழைய இரும்புக்காரனிடம் தூக்கிப் போடப் போனவர், வழியில் மரியானைப் பார்க்க வந்திருக்கிறார். ஏழெட்டு அடுக்குப் பெயின்டைச் சுரண்டினேன். உள்ளே இருந்தது அசல் கைவேலை. விளிம்பைத் தடவியபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உப்பு தின்றிருந்த கீழ்க்குழாயை மரியான் மாற்றினார். கொடுக்கும்போது, "சாகிபே, இது லேசுப்பட்ட சாமான் இல்ல. சீமையில ஒருத்தன் மாசக்கணக்கா இருந்து அராவுனது. இதுல மீன்கூடை கெட்டிராதேயும்" என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"அவ்வளவு உறுதின்னா நல்லதாப் போச்சு, இன்னும் ஒரு கூடை கூட்டிக் கெட்டலாம்."

குலசேகரத்தில் தீர்ப்பு

குலசேகரத்துப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் துரையின் சைக்கிள் களவு போயிற்று. அது என் கடையில் ஒருமுறை ஒட்டு வேலைக்கு வந்ததுதான். போன சில நாளில், எஸ்டேட் கணக்கப்பிள்ளை, துரையுடையது இதுதான் என்று அந்த ஊர் கிறிஸ்தவ சபையில் வேதம் போதிக்கிற உபதேசியாரின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். இரண்டும் ஒரே மாதிரிக் கைவேலை, ஒரே கறுப்பு. சீமைக்குத் திரும்பக் கப்பலேறிய மிஷன் டாக்டரம்மா தனக்குத் தந்தது என்று உபதேசியார் ஞானமுத்து சொன்னார். தந்ததற்குக் காகிதம் இல்லை. டாக்டரம்மாவுக்கு எழுதிப் பதில் வர மாசங்கள் ஆகும். களவுச் சாமான் என்றால் அவர் உபதேசத்தை விட்டு இறங்கவேண்டியதுதான் என்று சபைக் கமிட்டி சொல்லிவிட்டது. போலீசும் வரும். கணக்கப்பிள்ளை என்னைக் கையோடு பஸ்ஸில் கூட்டிப்போனார்.

சபை முற்றத்தில் இருபது பேர் நின்றார்கள். சீட்டுக்கு அடியில் குழாய் சேருகிற இடத்தைச் சுரண்டினேன். நெல்மணி அளவில் ஒரு சிலுவைக் கீறல். எனக்குப் போதும் என்றாகிவிட்டது. ஏனென்றால் எஸ்டேட் சைக்கிளை ஒட்டு முடிந்ததும் அவசரம் அவசரமாக, எங்களிடம் பெயின்ட் அடிக்காமலே வாங்கிப் போனார்கள். அன்றைக்கு அதே இடத்தில் அதே கீறலை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எஸ்டேட்காரர்கள் போட்ட அடையாளம் என்று நானாக முடிவுகட்டி வைத்திருந்தேன். "இது எஸ்டேட்டுக்க சைக்கிளாக்கும்" என்றேன். "சிலுவை கெடந்தா அது சபைக்குள்ளதுல்லா?" என்று உபதேசியாரின் மனைவி கேட்டாள். இந்த வேலை உமக்குத் தெரியாது அம்மா என்று அவள் வாயை அடைத்தேன். கமிட்டி ஞாயிற்றுக்கிழமை வரை தவணை வைத்தது. உபதேசியார் கோபப்படவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உமக்க கண்ணு தப்பாதுன்னு ஊரெல்லாம் சொல்லுகு, அப்பம் நான் கள்ளன்தான் போலுக்கு."

உலைக்கு முன்னால்

மறுநாள் நடந்ததையெல்லாம் மரியானிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் உலையை ஊதிக்கொண்டே கேட்டார். சிலுவை என்றதும் ஊதுவதை நிறுத்தினார். "அது நான் போடுகதுல்லா. எல்லாத்திலயும் போடுவேன்" என்றார்.

அவர்கள் ஊரில் புதுப் படகைக் கடலில் இறக்குமுன் அணியத்தில் ஒரு சிலுவை கீறுவார்களாம். படகின் முன்பக்கத்துக்கு அப்படிப் பேர். அந்தப் பழக்கத்தில், நெருப்புக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பிரேமிலும் ஒன்று கீறிவிட்டுத்தான் உலையை ஊதுவாராம். பிறகு அவரே பெயின்ட் அடித்து மூடிவிடுவதால் இத்தனை வருஷம் என் கண்ணில் படவில்லை. "மீரான் சாகிபுக்கதுலயுமா?" என்றேன். "அதுலயும் உண்டு. முறியாம ஓடுதுல்லா?" என்றார். என் சொந்தச் சைக்கிளைச் சுரண்டினேன். அங்கேயும் சின்னதாகச் சிலுவை.

"எஸ்டேட் வண்டி ரப்பர் கெட்டுகளை ஏத்திப் பின்கம்பி முறிஞ்சு வந்தது. டாக்டரம்மைக்க வண்டி பாறையில முட்டி முன்கழுத்து போச்சு. நீரு கடையில இல்லாதப்பம் வந்தது" என்றார். முன்கழுத்தில் ஒட்டு இருந்ததை நான் முற்றத்திலேயே பார்த்தேன். பார்த்துவிட்டு, சிலுவை கிடைத்த குஷியில் விட்டுவிட்டேன். ஒரு மனுஷனை இருபது பேர் முன்னால் கள்ளனாக்கிவிட்டு வந்திருக்கிறேன். மரியான் மறுபடி உலையை ஊதத் தொடங்கினார்.

"தகட்டை நம்பாதேயும், ஒட்டைப் பாரும்னு அஞ்சுகிராமத்துக்காரர்ட்ட சொன்னது நீருதானே வே?"

ஞாயிற்றுக்கிழமை

ஆராதனை முடிந்து சனம் வெளியே வரும்போது நான் முற்றத்தில் நின்றேன். பஸ்ஸின் மேலே ஏற்றிக் கொண்டுபோன என் சைக்கிளும் நின்றது. "நான் சொன்னது தப்பு" என்றேன். வாழ்க்கையில் முதல்தடவையாகச் சொன்னதால் சத்தமாக வரவில்லை, இரண்டாவது தடவை சொல்லவேண்டி வந்தது. என் சைக்கிளில் இருந்த சிலுவையை எல்லோருக்கும் காட்டி, இது மரியான் ஒட்டுகிற எல்லாச் சைக்கிளிலும் உண்டு என்றேன். பிறகு அரத்தைக் கணக்கப்பிள்ளை கையில் கொடுத்தேன். "துரைக்க சைக்கிளுக்குப் பின்கம்பியிலதான் பித்தளை ஒட்டு. நீரே சுரண்டும். மஞ்சக் கோடு வந்தா கொண்டுபோவும்" என்றேன்.

அவர் இரண்டு பின்கம்பியையும் ஒரு விரற்கடை விடாமல் சுரண்டினார். வெறும் எஃகுதான் மின்னியது. முன்கழுத்தை நான் சுரண்டினேன். பித்தளை மஞ்சளாக வளைந்து ஓடியது. கணக்கப்பிள்ளை அரத்தைத் திருப்பித் தந்துவிட்டு, துரைக்கு என்ன பதில் சொல்ல என்று முனகிக்கொண்டே போனார். கமிட்டித் தலைவர் உபதேசியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். உபதேசியாரின் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "அம்மைக்கு இந்த வேலை தெரியாதுல்லா?" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, முழுசும் புதுப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று உபதேசியாரிடம் சொன்னேன். அவர் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"எல்லா எடமும் அடியும், அந்தச் சிலுவைய மட்டும் மூடாதேயும், உம்மளப் போல கண்ணுள்ளவன் இன்னொருத்தன் வராமலா போவான்?"

அதற்குப் பிறகும் எந்தப் பிரேமைப் பார்த்தாலும் நான் தயங்காமல்தான் சொல்லிவந்தேன், சொல்லிக்கொண்டே மரியான் உலை ஊதுவதை நிறுத்துகிறாரா என்று மட்டும் ஒருதடவை காதுகொடுத்துக் கேட்டுக்கொள்வேன்.