நட்சத்திரம் பார்த்த கிடா

குணசீலன் அண்ணன் போன மாதம் ஓய்வு பெற்றார். காவலூர்ப் பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் முப்பது வருடம் உதவியாளர். சால்வை போட்டவர்கள் எல்லோரும் அவர் பொறுமையைப் புகழ்ந்தார்கள். பொறுமையாவது! கோபம் மூக்கு நுனியில் நிற்கும் மனிதர். எனக்குத்தான் தெரியும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரரைப் பாம்பு கடித்தது. பிழைத்தால் கிடா வெட்டுகிறேன் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். பிழைத்தார். நேர்ந்துவிட்ட கிடா எங்கே வாய் வைத்தாலும் எங்கள் ஊரில் யாரும் விரட்ட மாட்டார்கள். என் கிடா எங்கள் களத்திலேயே நுழைந்து, அடித்துக் குவித்த சாமையை வயிறு முட்டத் தின்றது. நானே கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாளில் கழுத்தைப் பின்னுக்கு வளைத்து வானத்தைப் பார்த்தபடி நின்றது. கண் தெரியாமல் சுவரில் முட்டியது. காவலூரில் நட்சத்திரம் பார்க்கும் பெரிய தொலைநோக்கி நிலையம் உண்டு. "காவலூர்க் கிடா இல்லியா, அதான் நட்சத்திரம் பாக்குது" என்று சிரித்தார்கள். திருவிழாவுக்கு முன் அது செத்தால் அம்மன் என் வீட்டுக்காரரைக் கேட்பாள் என்று பயந்தேன்.

குணசீலன் அண்ணன் வந்தார். "இன்னா தின்னுச்சு?" சொன்னேன். "தொரத்த கை இல்லியா உனக்கு?" என்று சீறினார். டாக்டரிடம் போனில் கேட்டு வைட்டமின் பி1 ஊசி போட்டார்.

"ஆட்டு வயித்துல கீற நுண்ணுயிருங்கதாம்மா இந்த வைட்டமினைச் செய்யுது. தானியம் ரொம்பினா வயிறு புளிச்சி இந்த வைட்டமின் அழிஞ்சிடும். அது ஒடம்புல துணைநொதியா மாறினாத்தான் சர்க்கரை சக்தியாவும். கொட்டா நெறைய வெறகு கீது, நெருப்புக்குச்சி இல்ல. வயிறு ரொம்பிக் கீது, மூளை பட்டினி."

மூன்று நாள் வேளை தவறாமல் வந்து ஊசி போட்டார். தலையை மடியில் வைத்துத் தண்ணீர் புகட்டினார். மருந்து வாடை, அவருக்குக் காய்ச்சிய சாமைக் கஞ்சி, ஓயாத திட்டு. அந்த மூன்று நாள் எங்கள் வீட்டை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. மூன்றாம் நாள் கழுத்து நிமிர்ந்தது. அவர் சட்டைப் பையைக் கடித்து இழுத்தது. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

திருவிழாவில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கிடா தலையை உலுக்கினால்தான் அம்மன் சம்மதம். நன்றாகவே உலுக்கியது. அவர் நேராக்கிக் கொடுத்த கழுத்து.

கறியும் சோறும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "வேணாம்மா. மூணு நாளு மடியில வச்சிருந்தேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போதும் நேர்ந்துவிட்ட கிடா களத்துக்கு வந்தால் ஊரே கும்பிடுகிறது. நான் மட்டும் கம்பெடுத்துத் துரத்துகிறேன்.