மைதான ஓரத்தில் புகைந்த மூட்டை

போன கார்த்திகையில் பத்து நாள் விடுப்பில் திருத்தங்கலுக்கு வந்திருந்தேன். நான் கடற்படையில் பொறியியல் பிரிவு அதிகாரி. கடற்படைப் பெண்கள் கிரிக்கெட் அணியில் வேகப்பந்து வீசுகிறேன். விடுப்பு நாள்களுக்கும் பட்டியல் போடுவது என் பழக்கம். ஞாயிறு மதியத்துக்கு எதிரே 'பழைய அணியோடு ஆட்டம்' என்று மட்டும் எழுதியிருந்தேன்.

பள்ளி நாளிலிருந்து என் பந்துக்கு விக்கெட் கீப்பராக நின்ற தோழிதான் இப்போது அந்த அணிக்கு கேப்டன். வாரத்தில் ஆறு நாள் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குழாய்களுக்குள் மருந்து செலுத்துகிறாள்; ஞாயிற்றுக்கிழமை பெண்களைத் திரட்டி ஆடவைக்கிறாள்.

"ஏட்டி, கப்பல்ல ஓடிவந்து பந்து போட எடம் இருக்கா? நாலு எட்டு வச்சா கடல்ல விழுந்துருவியே!" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"விழுந்தாலும் நீந்துவேன். ஒனக்கு என் பந்தப் பிடிக்க இன்னும் தெம்பு இருக்கான்னு பாப்போம்" என்றேன்.

முந்தின நாள் மழை. நான் ஓடிவரும் பாதை சேறாகிவிடாமல் தூவுவதற்கு, தார்ப்பாயால் மூடி வைத்திருந்த காய்ந்த மணல் இருந்தது. நாலாவது ஓவர் போட்டுக்கொண்டிருந்தபோது எல்லைக்கோட்டுக்கு அப்பால், கருவேல முள்வேலியை ஒட்டிப் புகை எழுந்தது. யாரோ கொண்டுவந்து போட்டிருந்த ஒரு சாக்குமூட்டை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் வாயில் தீ தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருபதடியில் ஒரு காகிதக் குடோன்.

பதற்றம் எனக்கு வராது. அதற்குத்தான் பயிற்சி. எல்லாரையும் எதிர்ப்பக்கம் அனுப்பினேன், தலைகளை எண்ணினேன், வெயில் நாளில் பிட்ச் நனைக்க வைத்திருந்த டிரம்மிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை மொண்டுகொண்டு ஓடினேன். எல்லாம் வரிசைப்படி நடந்தது. வாளியை ஓங்கியபோது தோழி ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கீள வைடி! உள்ள கழிவு மருந்து. சாக்குல வெள்ளியா ஒட்டியிருக்கது அலுமினியப் பவுடர்!"

இழுத்த இழுப்பில் ஒரு கை அளவு தண்ணீர் மூட்டையின் ஓரத்தில் சிந்தியது. அந்த இடம் மட்டும் சீறிக்கொண்டு, கண் கூசும் வெள்ளை வெளிச்சமாக எழுந்தது. முழு வாளியையும் ஊற்றியிருந்தால் எங்கள் இரண்டு பேரின் முகமும் அதில்தான் இருந்திருக்கும்.

"நேத்து மழையில நனைஞ்சுதான் இன்னைக்குப் பத்தியிருக்கு. இன்னும் தண்ணியக் குடுக்கப் பாக்கியே. அந்தக் காஞ்ச மணலத் தூக்கிட்டு வா. காத்துக்கு முதுகு காட்டி நில்லு!"

தார்ப்பாயில் மணலை அள்ளிப் போட்டு இழுத்து வந்தோம். அவள் எங்கே நிற்கச் சொன்னாளோ அங்கே நின்று, சட்டியால் அள்ளி வீசினேன். வெளிச்சம் மஞ்சளாகி, புகையாகி, மணல் மேட்டுக்குள் அடங்கியது. தகவல் சொல்லி வரவழைத்த தீயணைப்பு வீரர்கள் பார்த்துவிட்டு, மணல் போட்டதுதான் சரி என்றார்கள்.

"பாத்தீகளா, ஆபீசரம்மா எனக்கு எம்புட்டு நல்லா மண்ணு அள்ளிப் போடுதாக!" என்றாள் தோழி. சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும்தான்.

உலோகத் தூள் தீயில் தண்ணீர் கூடாது என்று நானும் படித்தவள். அந்தப் பாடத்தில் முழு மதிப்பெண். அன்று என் வரிசையில் தப்பு இல்லை. எரிவது என்ன என்ற கேள்விதான் அதில் இல்லை. அந்தப் பொருளைத் தினமும் கையில் எடுப்பவள் பக்கத்திலேயே இருந்தாள். அவளைத்தான் நான் முதல் ஆளாகத் தூரப் போகச் சொல்லியிருந்தேன்.

இப்போது கப்பலில் தீப் பயிற்சி நடத்தும் ஒவ்வொரு முறையும், கட்டளை கொடுப்பதற்கு முன், தீப்பிடித்ததாக வைத்துக்கொள்ளும் அறையில் அன்றாடம் வேலை பார்ப்பவர் யார் என்று கேட்டு, அவரை என் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்கிறேன்.