பதினோராவது கிட்டார்

ஆஸ்பத்திரியில் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்திரண்டு. பகலெல்லாம் அடுத்தவர் எலும்பைப் படம் பிடிப்பாள். சாயங்காலமானால் அண்ணன் வீட்டுக் கார் ஷெட்டில் சுவர் அதிர ஹெவி மெட்டல் என்கிற இடிமுழக்க இசை வாசிப்பாள். அண்ணன் டிரம்ஸ், அவனுடைய நண்பன் பேஸ் கிட்டார், இவள் கிட்டார். இருபது வருஷமாக இந்த மூன்றே பேர். அக்கம்பக்கத்தில் அவர்களைத் திட்டாத ஆள் பாக்கியில்லை. போலீஸ்கூட இரண்டு தடவை வந்து சொல்லிப் பார்த்தது. மூன்று பேரும் மசியவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுடைய இடது கை மக்கர் பண்ண ஆரம்பித்தது. கிட்டார் கழுத்தில் விரலை வைத்தால் போதும், சுண்டுவிரலும் மோதிர விரலும் தாமாக உள்ளே மடங்கிக்கொள்ளும். வலியா என்றால் இல்லை. மரத்துப்போகிறதா, அதுவும் இல்லை. கொடுமை என்னவென்றால் மற்ற எல்லா வேலைக்கும் அது தங்கமான கை. வெங்காயம் நறுக்கும், பட்டன் போடும், நோயாளியைத் தாங்கிப் பிடித்துப் படுக்க வைக்கும். கிட்டாரைக் கண்டால் மட்டும்தான் அதற்கு வீம்பு!

ஒருநாள் யாருமில்லாத நேரம் பார்த்துத் தன் கையையே நாலு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்தாள். பாடப் புத்தகத்தில் போடலாம், எலும்பு அவ்வளவு சுத்தம். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எலும்பில் ஒரு விரிசல் இல்லையே என்று அழுத பொம்பளையை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? விரிசல் என்றால் ஆறு வாரத்தில் கூடிவிடும்.

நரம்பு டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "கையில ஒண்ணுமில்லம்மா. ஒரே வேலையை இத்தனை வருஷம் பண்ணிப் பண்ணி, எந்த விரலை எப்ப அசைக்கணுங்கறது மூளையிலயே குழம்பிப்போச்சு."

"சரியாயிடுமா சார்?"

"சில பேருக்குக் கொஞ்சம் தேவலையாகும். பழையபடி வாசிப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாது."

இதை அவள் அண்ணனிடம் சொல்லவில்லை. "இந்த கிட்டார் சரியில்லண்ணா" என்றாள், அவ்வளவுதான். எது தப்பினாலும் பழியைக் கருவி மேல் போடுவது கிட்டார்காரர்களின் பரம்பரை வியாதி. அண்ணன் துள்ளிக் குதித்தான். "அதானே பார்த்தேன்! கிட்டாரை மாத்து பாப்பா, எல்லாம் சரியாயிடும்." உண்மையைச் சொன்னால் அவளே அதைப் பாதி நம்பினாள். கழுத்து மாறினால் கை ஏமாந்துபோகாதா? அவளுக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை அதுதான்.

சனிக்கிழமை காலையில் கிட்டார் கடை திறந்ததும் அண்ணனும் அவளும் உள்ளே போய் நின்றார்கள். கடைக்காரர் அவளுக்குப் பழக்கமானவர்தான்.

"மெட்டலுக்குத்தானேம்மா? உனக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதே இல்லை. கம்பியை ரெண்டு சுருதி இறக்கிக் கட்டுவதால் கழுத்து நீளமாக வேண்டும், இல்லாவிட்டால் கம்பி தொளதொளவென்று தொங்கும். கம்பியின் அதிர்வை வாங்குகிற பிக்கப் இரட்டைச் சுருளாக இருக்க வேண்டும், ஒற்றையாக இருந்தால் சத்தம் பெருக்குகிற ஆம்பை ஏற்றியதும் உய்யென்று இரையும். தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஆனால் அன்றைக்கு அதையெல்லாம் அவள் பார்க்கவே இல்லை. ஒவ்வொன்றின் கழுத்தையும் தடவி மட்டும் பார்த்தாள்.

முதல் கிட்டாரில் இரண்டாவது வரியிலேயே விரல் மடங்கியது. "கழுத்து ரொம்ப ஒல்லி" என்றாள். அடுத்தது கனம் என்றாள். இன்னொன்று கையில் ஒட்டுகிறது என்றாள். ஏழாவதற்குக் கம்பி உயரம் என்றாள். கடைக்காரர் பாவம், சாவி போட்டு இறக்கிக் கொடுத்தார். அப்போதும் மடங்கியது. அவளுக்குப் பொய் தீர்ந்துகொண்டே வந்தது.

அண்ணன் ஆம்ப் மேல் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். "கல்யாணத்துக்கே நீ இவ்வளவு யோசிக்கலையே!"

அவள் சிரித்து வைத்தாள். பதினாலு பாட்டு சொந்தமாகப் போட்டிருந்தார்கள், ஒன்றைக்கூட ரெக்கார்டு பண்ணியதில்லை. ஒவ்வொரு வருஷமும் அவள்தான் தள்ளிப்போட்டாள், சரியான கிட்டார் அமையட்டும் என்று. அவளிடம் இருந்தது நல்ல கிட்டார்தான். அது போதாதென்று யார் சொன்னார்கள்? இவளே சொல்லிக்கொண்டாள்.

பதினோராவது ஒரு பழைய கிட்டார். யாரோ விற்றுவிட்டுப் போனது. பாசிப் பச்சையில் பார்க்கவே சகிக்காது, கழுத்து உருட்டுக்கட்டை. எடுத்து மாட்டிக்கொண்டு அவர்களுடைய முதல் பாட்டைத் தொடங்கினாள்.

விரல் நின்றது!

இரண்டு வரி. நாலு வரி. ஆம்ப் உறும, கண்ணாடிக் கதவு கிடுகிடுத்தது. சுண்டுவிரல் சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது. அண்ணன் எழுந்து கத்தினான். "இதுதான்! இதுதான் பாப்பா!" கடைக்காரரும் தலையை ஆட்டினார். எட்டு மாதத்துக்கு அப்புறம் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கை ஏமாந்துவிட்டது என்றே நினைத்தாள்.

பல்லவிக்குத் திரும்பும்போது சுண்டுவிரல் லேசாக இழுத்தது. வியர்வை வழுக்குகிறது போல என்று அழுத்திப் பிடித்தாள். அடுத்த அடியில் இரண்டு விரலும் சேர்ந்து மடங்கின. கம்பி அசிங்கமாகக் கிறீச்சிட்டு நின்றது.

அவள் சத்தத்தைக் குறைத்தாள். "அண்ணா, கிட்டார் மேல தப்பில்ல."

"என்ன உளர்ற? இப்ப நல்லாத்தானே வாசிச்ச?"

"எந்த கிட்டார் மேலயும் தப்பில்ல. டாக்டரைப் பார்த்துட்டேன். என் கை போச்சுண்ணா."

அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை. தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தான். "வா, அந்த ரெண்டு விரலை நான் பிடிச்சுக்கறேன். நீ மத்த விரலால வாசி. தானா பழகிடும்." டிரம்ஸ் குச்சியை வாரத்துக்கு ஒன்று உடைக்கிற கையால் அவளுடைய இரண்டு விரலையும் நீட்டிப் பிடித்தான். அவள் கம்பியை அழுத்தி மீட்டினாள். பிடிக்குள்ளே விரல்கள் இழுத்தன. அவன் இறுக்கினான். அவை இன்னும் பலமாக இழுத்தன.

"இழுக்காத பாப்பா."

"நான் இழுக்கலண்ணா."

"சும்மா விடு. தளர்த்து."

"சத்தியமா நான் ஒண்ணுமே பண்ணல."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அப்புறம் கையைப் பார்த்தான். அவள் சொல்வது உண்மை என்று அவன் கைக்கு முதலில் தெரிந்துவிட்டது. மெதுவாகப் பிடியை விட்டான். இரண்டு விரலும் போய் உள்ளங்கையில் சுருண்டுகொண்டன.

"எப்பலேருந்து தெரியும்?"

"மூணு மாசமா."

"அப்புறம் எதுக்கு என்னை இங்க கூட்டிட்டு வந்த?"

"நீ நம்பிட்டிருந்தியே. அதான் நானும் நம்பினேன்."